வாரும் சங்கிலியும்: ஹென்றி போர்டின் சரிதம்

ஹென்றி போர்டு என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மிற் பெரும்பாலோர்க்கு நினைவு வருவன அவர் ஈட்டிய செல்வமும், அவருடைய தொழிற்சாலையினின்று வெளிப்போந்த எண்ணிறந்த மோட்டார் வண்டிகளுமே. அச்செல்வத்தின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அதுவன்று. சம்பளத்துக்கு உழைத்துவந்த முப்பத்திரண்டு வயதினர் ஒருவர், வாடகை வீட்டின் பின்புறத்து நிலக்கரிக் கொட்டகையில், பகல் வேலை முடிந்தபின், தம் கையாலேயே ஒரு வண்டியைச் செய்துகொண்டிருந்தார். அதன் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு ஆற்றலைக் கொண்டு செல்வது தோல்வாரா, இரும்புச் சங்கிலியா என்னும் வினா அவர்முன் நின்றது. அவர் கண்ட விடையும், அவ்விடை பின்னாளில் அடைந்த மாற்றங்களுமே இக்கட்டுரையின் பொருள். சிறிய பொருளென்று மாணவ நண்பர்கள் தள்ளிவிட வேண்டா. அவருடைய சரிதத்தை நாம் படித்த அளவில், அவரை அறிதற்கு இதனினும் நல்ல வாயில் நமக்குப் புலப்படவில்லை.

போர்டு 1863-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிச்சிகன் மாகாணத்து டெட்ராயிட் நகருக்கு அணித்தான டியர்பார்னில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் வில்லியம் போர்டு அயர்லாந்து தேசத்தினின்று வந்து குடியேறியவர். மகனுக்கோ ஏரும் குதிரையும் உவப்பளிக்கவில்லை. சட்டைப்பைக் கடியாரங்களைப் பிரிப்பதிலும் பூட்டுவதிலுமே அவர் மனம் சென்றது. 1876-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அன்னையார் காலமானார். அப்பொழுது ஹென்றிக்கு வயது பன்னிரண்டு.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள், தந்தையும் மகனும் குதிரை வண்டியில் டெட்ராயிட்டை நோக்கிச் சென்றனர். வழியில் நீராவி எஞ்சின் ஒன்று எதிர்ப்பட்டது. குதிரை பூட்டாமல் தன் வலியாலேயே சாலையிற் செல்லும் வண்டியை ஹென்றி அதற்குமுன் கண்டதில்லை. பேட்டில் கிரீக் என்னும் ஊரில் நிக்கல்ஸ், ஷெப்பர்டு கம்பெனியார் செய்தது அது. குதிரைகள் கடந்து போகட்டுமென்று எஞ்சினை ஓட்டி வந்தவர் அதை நிறுத்தினார். தந்தையார் இன்னது நிகழ்கிறதென்று உணருமுன்னரே, சிறுவன் வண்டியினின்று குதித்தோடி அவரைக் கேள்விகளால் துளைக்கலானான். அவரும் சலியாது விடையளித்தார். எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு சங்கிலி இருந்தது. அதனால் வண்டி நகர்ந்தது. வேண்டிய இடத்தை அடைந்தபின் அச்சங்கிலியை விடுவித்து ஒரு வாரை மாட்டிவிட்டால், அதே எஞ்சின் கதிரடிக்கும் இயந்திரத்தையும் மரமறுக்கும் வாளையும் சுழற்றும். எஞ்சின் நிமிஷத்துக்கு இருநூறு முறை சுற்றுவது என்பதையும் சிறுவன் கேட்டறிந்தான்.

வண்டியை இழுக்கச் சங்கிலி. நின்ற இடத்தில் வேலை செய்ய வார். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்திற் கண்டார் போர்டு. நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1922-ல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, அந்தச் சந்திப்பை இத்துணை நுணுக்கத்தோடு அவர் நினைவு கூர்ந்தார். அந்நூலில் ஆண்டுகள் பல இடங்களிற் பிறழ்ந்து கிடக்கின்றன. தம் முதல் வண்டியையே மூன்றாண்டு முன்தள்ளிச் சொல்கிறார். ஆயினும் அந்தச் சங்கிலியையும் வாரையும் பற்றிய நினைவு தெளிவாகவே இருக்கிறது.

1879-ல் அவர் வீட்டை விட்டு டெட்ராயிட்டுக்குப் போய், இயந்திரப் பட்டறை ஒன்றிலும் பிறகு கப்பல் எஞ்சின் செய்யும் சாலையிலும் தொழில் பயின்றார். இரவில் கடியாரம் பழுதுபார்த்துச் செலவுக்குத் தேடினார். 1882-ல் ஊர் திரும்பியபோது, அயலார் ஒருவர் புதிதாக வாங்கிய வெஸ்டிங்ஹவுஸ் நீராவி எஞ்சினை ஓட்டும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. களம் களமாக அதைக் கொண்டுபோய், நீண்ட வாரொன்றால் கதிரடிக்கும் இயந்திரத்தோடு பிணைத்து ஓட்டினார். 1888 ஏப்ரலில் கிளாரா பிரையண்டு என்னும் நங்கையை மணந்தார். தந்தையார் மரமடர்ந்த நிலமொன்றைத் தந்து உழவில் நிலைநிறுத்த முயன்றும் பயனில்லை. 1891-ல் எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் எஞ்சினியராக அமர்ந்து, மனைவியுடன் டெட்ராயிட் நகரத்தில் குடியேறினார். எஞ்சின்களைப் பற்றியெல்லாம் தமக்குத் தெரியும், மின்சாரத்தைப் பற்றித்தான் தெரியாது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஊரைவிட்டுப் பெயர்வதற்குக் கிளாரா அம்மையார் மனம் வருந்தினும் தடை சொல்லவில்லை.

1893 நவம்பர் 6-ஆம் நாள் அவர்களுக்கு எட்செல் என்னும் ஆண் மகவு பிறந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளுக்கு முந்திய மாலை, அம்மையார் மறுநாள் விருந்துக்குச் சமையல் செய்துகொண்டிருக்கையில், போர்டு ஒரு சிறு எஞ்சினைப் பலகையோடு தூக்கிவந்து அடுக்களையிற் பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் இறுகப் பிணைத்தார். இரும்புக் குழாய்த் துண்டே அதன் சிலிண்டர். பழைய கடைசல் இயந்திரத்தின் கைச்சக்கரமே அதன் சுழற்சியைச் சமன் செய்யும் சக்கரம். அம்மையார் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை விட, வீட்டு மின்சாரத்திலிருந்து பொறி பறக்க, எஞ்சின் தொட்டியே அதிரும்படி ஓடிற்று. அடுத்த அறையிற் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடும் என்பது தெரிந்தவுடன் போர்டு அதை நிறுத்திவிட்டார்.

ஓடும் எஞ்சின் வேறு, ஓடும் வண்டி வேறு. இரண்டுக்கும் இடையே இரண்டரை ஆண்டு சென்றது. 1896 மார்ச்சு 6-ஆம் நாள் டெட்ராயிட் வீதியில் முதன்முதல் மோட்டார் வண்டியை ஓட்டியவர் போர்டு அல்லர். அவருடைய நண்பர் சார்ல்ஸ் பிரேடி கிங் என்பவர். போர்டு அன்று பைசிக்கிளில் ஏறி அவ்வண்டியின் பின்னே சென்றார். கிங்கின் வண்டி ஏறக்குறைய 1,300 இராத்தல் எடையுள்ளது. கனத்த மரச்சட்டத்தின்மேல் அமைந்தது. தம் வண்டி இலேசாக இருத்தல் வேண்டுமென்று போர்டு உறுதிகொண்டார். பைசிக்கிள் சக்கரங்கள், மெல்லிய சட்டம், இரண்டு சிலிண்டர், நான்கு குதிரை சக்தி. அவ்வளவே. கைவசம் இருக்கும் ஆற்றல் சிறிதாயின் அதை வீணாக்காமற் சக்கரத்திற் சேர்ப்பது எங்ஙனம் என்னும் கவலை பெரிதாகும். வாரா, சங்கிலியா என்னும் வினா எழுந்தது இங்கேதான்.

அவ்வினாவின் இயல்பைச் சற்று விரித்துரைப்போம். எஞ்சின் ஓரிடத்தில் இருக்கிறது. சுழல வேண்டிய சக்கரம் வேறோரிடத்தில் இருக்கிறது. தண்டும் சாய்ந்த பற்சக்கரங்களும் கொண்டு இரண்டையும் நேரே இணைப்பது ஒரு வழி. பிரான்சு தேசத்தில் லூயி ரெனோ 1898-ல் தம் குடும்பத் தோட்டத்துக் கொட்டகையிலேயே அதைச் செய்து காட்டினார். ஆனால் அது இரண்டாண்டு கழிந்த பிறகு. அத்தகைய பற்சக்கரங்களை மயிரிழையும் பிழையாமல் வெட்டி அமைத்தல் கைச்செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் ஒருவருக்கு அன்று எளிதன்று. எஞ்சியவை வாரும் சங்கிலியும்.

காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தோடு பழகியவர்க்கு வாரின் குணம் தெரியும். வழவழப்பான இரு சக்கரங்களின்மேல் தோல்வார் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. உராய்வு ஒன்றே அதன் பிடி. மேலே துணி சிக்கி ஊசி நின்றுவிட்டால், கீழே கால் மிதித்துக்கொண்டிருந்தாலும் வார் வழுக்கிக்கொடுக்கும், எதுவும் ஒடிவதில்லை. அவ்வழுக்கல் வாரின் குற்றம். அதுவே அதன் குணமும் ஆம். வாரைத் தளர்த்தினால் எஞ்சின் சும்மா சுழலும், வண்டி நிற்கும். மெல்ல இறுக்கினால் வண்டி துள்ளாமற் புறப்படும். ஆகவே எஞ்சினைச் சேர்க்கவும் பிரிக்கவும் தனியே ஓர் உறுப்பு வேண்டுவதில்லை. பெரிதும் சிறிதுமான கப்பிகளை அருகருகே வைத்து வாரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளினால் வேகமும் மாறும். அறுந்தால் ஊசியும் தோலிழையும் போதும். ஓசையும் இல்லை. ஆனால் தோல் நாளடைவில் நீளும். ஈரம் பட்டால் நெகிழும். எண்ணெய் பட்டால் பிடி விடும். மழையில் ஏற்றம் ஏறும்போது வாரை நம்பியவன் வண்டியினின்று இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பைசிக்கிள் ஏறுபவர்க்குச் சங்கிலியின் குணம் தெரியும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு பல்லைப் பற்றுகிறது. வழுக்குதல் என்பது அதற்கு இல்லை. முன்சக்கரத்தின் பற்கள் எத்தனை நகர்ந்தனவோ அத்தனை பற்கள் பின்சக்கரமும் நகர்ந்தே தீரும். மழையும் எண்ணெயும் அதன் பிடியைக் குலைப்பதில்லை. 1880-ல் மான்செஸ்டர் நகரத்தில் ஹான்ஸ் ரெனால்டு உருளை வைத்த சங்கிலியை அமைத்த பின்னர் அதன் தேய்வு குறைந்தது. பைசிக்கிள் பரவியபின் எங்கும் கிடைப்பதாயிற்று. எனினும் சங்கிலிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் இடியாகச் சக்கரம்வரை செல்லும். திடீரென்று இணைத்தால் பல்லாவது கண்ணியாவது முறியும். புழுதி படிந்தால் ஒவ்வொரு மூட்டும் அணுவணுவாகத் தேய, மொத்தச் சங்கிலியும் நீண்டு, பற்களின்மேல் ஏறிக் குதிக்கும். இரைச்சலோ சொல்ல வேண்டா.

ஆக, வார் இளகிய மனத்தது, சங்கிலி பிடிவாதமுள்ளது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று எண்ணுகிறவர்கள் இவ்விடத்தில் நெடுநேரம் நின்றுவிடுவர். போர்டு அங்ஙனம் நிற்கவில்லை. எது நல்லது என்பதைக் காட்டிலும், எங்கே நல்லது என்று அவர் பார்த்தார் எனத் தோன்றுகிறது. ஆற்றல் என்பது இழுப்பையும் வேகத்தையும் பெருக்கிவந்த தொகை. ஆற்றல் மாறாதிருக்க, வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால் இழுப்பு நான்கு மடங்காதல் வேண்டும். எஞ்சினின் அருகே சுழற்சி விரைவு; இழுப்புச் சிறிது. அங்கே தோலின் பிடி போதும். வெடிப்பின் அதிர்ச்சியையும் அது தாங்கிக்கொள்ளும். சக்கரத்தின் அருகேயோ சுழற்சி மந்தம். போர்டின் வண்டிச் சக்கரம் 28 அங்குலக் குறுக்களவுள்ளது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் அது நிமிஷத்துக்கு 120 முறைதான் சுற்றும். அங்கே இழுப்பு மிகப் பெரிது. வாரைப் போட்டால் அது வழுக்கும், அல்லது தாங்கொணா அகலம் வேண்டும். அவ்விடம் சங்கிலிக்கே உரியது.

எனவே எஞ்சினிலிருந்து இடைத்தண்டு ஒன்றுக்கு வார். இடைத்தண்டிலிருந்து பின் இருசுக்குச் சங்கிலி. இவ்வாறு அமைத்தார். ஓட்டுபவரின் எதிரே ஒரு கைப்பிடி இருந்தது. அதை முன்னே தள்ளினால் வார் இடம் மாறி மணிக்கு இருபது மைல். பின்னே இழுத்தால் பத்து மைல். நேரே நிமிர்த்தி வைத்தால் எஞ்சின் தன்போக்கில் ஓடும், வண்டி நகராது. பின்னோக்கிச் செல்லும் வகையே இல்லை. குறுக்கே மாறிப் போட்ட வார் சக்கரத்தை எதிர்த்திசையிற் சுழற்றும் என்பதைப் பட்டறையில் வளர்ந்த போர்டு அறியாதவரல்லர். எடைக்கும் செலவுக்கும் அஞ்சி விட்டிருக்கலாம் என்பது நம் ஊகம்.

இது முற்றும் அவருடைய கண்டுபிடிப்பென்று சொல்வது நேர்மையாகாது. ஜெர்மனியிற் கார்ல் பென்ஸ் 1886-ல் உரிமைப்பத்திரம் பெற்ற மூன்று சக்கர வண்டியிலேயே முதலில் வாரும் அடுத்துச் சங்கிலியும் இருந்தன. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவர் மனைவியார் பெர்தா, கணவருக்கு அறிவியாமலே, இரு மைந்தரோடு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம்வரை ஏறக்குறைய 65 மைல் தூரம் அத்தகைய வண்டியில் போனபோது, வழியில் புருக்சால் என்னும் ஊரில் ஒரு கொல்லரைக் கொண்டு சங்கிலியைச் செப்பனிட வேண்டியிருந்தது. மேடுகளில் இறங்கித் தள்ளவும் நேர்ந்தது. அதன்பின் பென்ஸ் ஏற்றத்துக்கென்று மற்றொரு மந்த வேகத்தையும் சேர்த்தார். நியூயார்க் நகரத்துக் கடையொன்றிற் காட்சிக்கு வைத்திருந்த பென்ஸ் வண்டியைப் போய்ப் பார்த்ததாகவும், அதிலும் வாரே இருந்ததாகவும், ஆனால் அது தம் வண்டியினும் மிகக் கனமென்றும் போர்டு எழுதுகிறார். கனத்தைப் பற்றிய அவருடைய வெறுப்பு அவருடைய வாழ்நாள் முழுதும் மாறாதது.

வண்டியின் ஏனைய உறுப்புக்களை விரைந்து சொல்லி முடிப்போம். சிலிண்டர்கள் நீராவி எஞ்சின் ஒன்றின் கழிவுக் குழாயிலிருந்து செய்யப்பட்டன. இரண்டரை அங்குல அகலமும் ஆறு அங்குல ஓட்டமும் உள்ளவை. மூன்று காலன் பெட்ரோல் கொள்ளும் தொட்டி இருக்கையின் அடியில் இருந்தது. திருப்புவதற்குச் சக்கரமின்றி ஒரு நீண்ட பிடியே. எச்சரிக்கைக்கு வாயில் மணி ஒன்று. மொத்த எடை ஏறக்குறைய 500 இராத்தல். திருப்பங்களில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்திற் சுற்ற வழிசெய்யும் பற்சக்கர அமைப்பும் வேண்டுமென்று தாமே கண்டு சேர்த்தார். சமன் செய்யும் சக்கரத்துக்கு மரத்தில் மாதிரி செய்து வார்ப்பித்துக்கொண்டார். நுண்ணிய உறுப்புக்களையெல்லாம் தம் கையாலேயே கடைந்தார். மாதச் சம்பளத்தில் இவ்வளவையும் செய்ய அம்மையாரின் சிக்கனமே துணையாயிற்று என்பது நாம் மறக்கத்தக்கதன்று.

1896 ஜூன் 4-ஆம் நாள், விடியுமுன்னே, பேக்லி அவென்யூ 58-ஆம் எண்ணுள்ள வீட்டின் பின்கொட்டகையில் வண்டி முடிவுற்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியை வெளியே உருட்டப் புகுந்தபோதுதான், கொட்டகையின் கதவு வண்டியின் அகலத்துக்குப் போதாதென்பது தெரிந்தது! வாரின் இழுப்பையும் சங்கிலியின் பல்லையும் கணக்கிட்டவர் வாயிலை அளக்க மறந்துவிட்டார். பொழுது விடியட்டுமென்று பொறுக்கும் இயல்பினரல்லர் அவர். கோடரியை எடுத்துச் செங்கற்சுவரை இடித்து வழி செய்துகொண்டார். துணைவராகிய ஜிம் பிஷப் எதிரே வரும் குதிரை வண்டிகளுக்கு எச்சரிக்கை சொல்லப் பைசிக்கிளில் முன்னே போனார். அம்மையார் குடை பிடித்து வாயிலில் நின்றார். வண்டி வீதியில் ஓடிற்று. வழியில் ஒருமுறை நின்றும் போயிற்று. பழுதானது வாருமன்று, சங்கிலியுமன்று, பொறியுண்டாக்கும் இடத்தில் ஒரு சிறு உறுப்பு. சுவரை இடித்ததற்குச் சினந்து வந்த வீட்டுக்காரர், வண்டியைக் கண்டபின் மனம் மாறி, அவ்விடத்தை அடைக்காமற் பெரிய கதவே போட இசைந்தாராம். அந்த வீடும் கொட்டகையும் இன்று அங்கில்லை. 1926-ல் அவ்விடத்தில் மாபெரும் நாடகசாலை ஒன்று எழுந்தது. அதன் உட்புறம் 1977-ல் அகற்றப்பட்டு, மோட்டார் வண்டிகள் நிறுத்தும் கூடமாயிற்று.

அவ்வண்டியின் சங்கிலி ஒன்றைப்பற்றிச் சொன்னோம். மற்றொரு சங்கிலியும் உண்டு. வீதியில் வண்டியை விட்டுச் சற்றே அகன்றால், கூடியிருப்போருள் யாரேனும் ஏறி ஓட்ட முயல்வர். ஆதலால் போர்டு எப்பொழுதும் ஒரு சங்கிலியை உடன்கொண்டுபோய், வண்டியை விளக்குக் கம்பத்தோடு பிணைத்துவிட்டுச் செல்வார். குதிரைகள் மிரண்டன, காவலர் தொல்லைப்படுத்தினர், நகர முதல்வரிடம் தனி அனுமதி பெற வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் ஓடினால் எஞ்சின் காய்ந்துபோவதைக் கண்டு, சிலிண்டர்களைச் சுற்றி நீருறை அமைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க் நகரருகே எடிசன் கம்பெனியாரின் மாநாட்டில் எடிசன் பெருமானையே நேரிற் கண்டு தம் வண்டியின் அமைப்பை வரைந்து காட்டினார். மின்சாரத்துக்கே வாழ்வை அளித்த அவ்வறிஞர், தன் ஆற்றலைத் தானே சுமந்து செல்லும் பெட்ரோல் வண்டியே ஏற்றதென்று மேசையைத் தட்டி ஊக்கினார். அதன்பின் போர்டு தயங்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் மைல் ஓடியபின் வண்டியை 200 டாலருக்கு விற்று, அப்பொருளை அடுத்த வண்டியில் இட்டார். பிற்காலத்தில் அம்முதல் வண்டியை 65 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டார். டியர்பார்ன் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் இன்றும் அதைக் காணலாம்.

பின்னிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1899-ல் வேலையை விட்டார். முதற் கம்பெனி ஈராண்டுகூட நில்லாது கலைந்தது. இரண்டாவதிலிருந்து 1902-ல் தாமே விலகினார். 1903 ஜூன் 16-ஆம் நாள் போர்டு மோட்டார் கம்பெனி தோன்றிற்று. நமக்கு வேண்டுவது வாரும் சங்கிலியும் என்னவாயின என்பதே. 1903-ல் விற்பனைக்கு வந்த வண்டியில் வார் மறைந்தது. அதன் இடத்தைப் பற்சக்கரப் பெட்டி கொண்டது. சங்கிலி மட்டும் நின்றது. 1908-ல் வெளிவந்த புகழ்பெற்ற டி-மாடல் வண்டியில் சங்கிலியும் போயிற்று. தண்டும் பற்சக்கரமுமே ஆற்றலைக் கொண்டுசென்றன. தொழிற்சாலையிற் பல்லாயிரம் இருசுகளை ஒரே அளவாய்ச் செய்ய வல்லவர்க்குக் கொட்டகையின் வறுமை இல்லையன்றோ! ஆயினும் அப்பற்சக்கரப் பெட்டியைத் திறந்து பார்த்தால், சுழலும் உருளைகளைச் சுற்றிப் பருத்தித் துணி பதித்த பட்டைகள் இருக்கும். மிதியை அழுத்த அவை மெல்ல வழுக்கி, பிறகு பற்றும். வாரின் உருவம் போயினும் அதன் இளகிய குணத்தை அவர் எண்ணெய்க்குள் ஒளித்து வைத்துக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

சங்கிலியோ வேறோரிடத்திற் புகுந்தது. 1913-ல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், வண்டியின் அடிச்சட்டத்தைக் கயிற்றால் இழுத்துச் சென்று, வழிநெடுக நின்ற தொழிலாளர் ஆளுக்கோர் உறுப்பாகப் பூட்டும் முறையைச் சோதித்தனர். 1914 ஜனவரியில் கயிற்றுக்குப் பதிலாக முடிவில்லாச் சங்கிலி ஒன்று தரையோடு ஓடலாயிற்று. முன்னர் ஒரு சட்டத்தைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டரை மணி நேரம். பின்னர் ஒரு மணி 33 நிமிஷம். வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கிற்று. 850 டாலருக்கு விற்றது 300 டாலருக்கும் கீழே வந்தது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. உழவன் வீட்டு வாயிலிலும் வண்டி நின்றது. அதன் பெருமையை நாம் குறைத்துக் கூற வரவில்லை.

ஆனால் சங்கிலிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாதென்று முன்னரே கண்டோம். அதன் ஒரு நுனியில் எஞ்சினும் மறு நுனியிற் சக்கரமும் இருந்தவரையில் அது நற்குணம். இப்போது அதன் பக்கத்தில் மனிதர் நின்றனர். அது நகரும் வேகத்திற் கை நகர்ந்தே தீர வேண்டும். 1913-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் நிலைநிறுத்துவதற்கு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அமர்த்த வேண்டியிருந்தது. வந்தவர் வந்த வழியே ஓடினர். 1914 ஜனவரி 5-ஆம் நாள் போர்டு ஒருநாட் கூலியை ஐந்து டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். உலகம் வியந்தது. அதே மாதத்தில் ஒரு தொழிலாளியின் மனைவி தம் பெயர் குறியாமல் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் கணவர் வீட்டுக்கு வந்து, உண்ணவும் மாட்டாமற் சோர்ந்து விழுந்துவிடுகிறாரென்றும், ஐந்து டாலர் பெரும்பேறே ஆயினும் அதை அவர்கள் மிகக் கொடுத்தே பெறுகிறார்களென்றும், அந்தச் சங்கிலி முறைக்கு ஒரு பரிகாரம் இல்லையா என்றும் அவர் வினவினார். கொட்டகையில் வாரும் வேண்டும், சங்கிலியும் வேண்டும் என்று கண்ட அதே போர்டு, தொழிற்சாலையில் மனிதனுக்கும் சங்கிலிக்கும் இடையே இளகும் வார் ஒன்றை வைக்கத் தவறினார் என்பது நம் கருத்து. கூலியை உயர்த்தியது உண்மை; அக்கூலியைப் பெறுபவன் வீட்டில் எங்ஙனம் வாழ்கிறான் என்று வேவு பார்க்க ஆள் அனுப்பியதும் உண்மை.

முதுமையில் அவர் பிடிவாதம் முற்றிற்று. தமக்குச் சொந்தமான வாரப் பத்திரிகையில் 1920 முதல் யூத மக்களை இழித்துரைக்கும் கட்டுரைகளை வெளியிடச் செய்தது அவர் பெயருக்கு நீங்காத மாசு. 1927-ல் மன்னிப்புக் கேட்டும் அது மாறவில்லை. தொழிலாளர் சங்கத்தை நெடுநாள் எதிர்த்து நின்றார். 1937 மே மாதத்தில் சங்கத் தலைவர்களை அவருடைய ஆட்கள் அடித்து வீழ்த்தினர். 1941-ல் சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். 1943 மே மாதத்தில், அடுக்களை எஞ்சின் முழங்கிய மாலையில் தொட்டிலில் உறங்கிய எட்செல், தந்தைக்கு முன்னே மறைந்தார்.

1947 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ரூஜ் ஆறு பெருக்கெடுத்து, டியர்பார்னில் போர்டின் மாளிகைக்கு மின்சாரம் உண்டாக்கும் நிலையத்தை நீர் சூழ்ந்தது. விளக்குகள் அணைந்தன. 7-ஆம் நாள் இரவு, மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிய, கணப்பில் விறகு எரிய, கிளாரா அம்மையார் அருகிருக்க, ஹென்றி போர்டு தம் எண்பத்துமூன்றாம் வயதில் காலமானார்.